மூத்தோர் மனக்குறையும் தொழிலறிவின் கைமாற்றமும்: வடசென்னைத் தொழிற்பகுதி குறித்த ஓர் ஆய்வு

ராயபுரத்தில் தொடங்கி, காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை கடலை ஒட்டி நீளும் வடசென்னைத் தொழிற்பகுதியில், முப்பது நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு வயதை நெருங்கிவிட்ட தொழிலாளரிடையே பரவலாகக் கேட்கப்படும் மனக்குறை ஒன்று உண்டு. பட்டயமோ பட்டமோ பெற்று வேலைக்கு வரும் இளைஞர்கள் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை, வலியச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை, எல்லாம் தெரிந்தவர்கள் போலவே நடந்துகொள்கிறார்கள் என்பதே அது. "நேத்து வந்த பையன்" என்று தொடங்கும் இப்பேச்சை, எல்லாத் தலைமுறைகளிலும் இருந்துவரும் வழக்கமான உரசல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் இப்பகுதியின் தொழில் வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போது, தனிமனிதரின் பணிவையோ திமிரையோ விடப் பெரிய செய்தி ஒன்று இதில் அடங்கியிருப்பது புலப்படும். மூத்தவரிடமிருந்து இளையவருக்குத் தொழிலறிவு கைமாறுவதற்கு இங்கே நூறாண்டுகளாக இருந்துவந்த வழிகள், கடந்த நாற்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அடைபட்டிருக்கின்றன. மூத்தோரின் கோபம் நியாயமானது. அது சென்று சேரும் முகவரிதான் பெரும்பாலும் தவறானது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே.

தொழிற்பகுதியும் கற்கும் முறையும்

தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856இல் ராயபுரத்தில் திறக்கப்பட்டது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளே சரக்கையும் பயணிகளையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தன. ஆணியடித்த படகு மணலில் மோதினால் உடையும், தைத்த படகு வளைந்து கொடுத்துத் தாங்கும் என்பது அப்படகோட்டிகளின் தொழிலறிவு. 1875இல் தொடங்கிய செயற்கைத் துறைமுகப் பணி, முடியும் தறுவாயில் 1881ஆம் ஆண்டுப் புயலில் பெரும் சேதமடைந்து, மீண்டும் கட்டியெழுப்பப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பில் இன்றைய வடிவை நெருங்கியது. அத்துறைமுகம் நிலைபெற்றதும் மசூலா படகோட்டியின் திறமைக்குத் தேவை இல்லாமற்போயிற்று. இப்பகுதியில் ஒரு தொழிலறிவு வழக்கொழிந்த முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று இது. அதில் இளைஞர் எவருக்கும் பங்கில்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

விடுதலைக்குப் பின் திருவொற்றியூரும் எண்ணூரும் ஆலைகளால் நிறைந்தன. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961இல் அங்கேயே டயர் தொழிற்சாலையை அமைத்தது. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டித் தந்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1956இல் என்ஃபீல்டு புல்லட் திருவொற்றியூருக்கு வந்தது. கார்போரண்டம், விம்கோ தீப்பெட்டி ஆலை, உரத் தொழிற்சாலை, 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் ஆகியவை இவ்வரிசையில் சேர்ந்தன.

இவ்வாலைகளில் ஒருவர் தொழில் கற்ற முறை ஏறக்குறைய ஒன்றே. உதவியாளாகவோ அப்ரண்டிஸாகவோ நுழைபவர், ஒரு ஃபிட்டரின் அல்லது வெல்டரின் கீழ் ஆண்டுக்கணக்கில் நின்று, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, அளவு பிடிப்பது, பிசகினால் திட்டு வாங்குவது என்று படிப்படியாக வளர்ந்து, தானே ஃபிட்டராகி, பின்னர் ஃபோர்மேன் வரை உயர முடிந்தது. தேர்ந்த தொழிலாளரிடம் குறிப்பிட்ட காலம் பயிற்சி பெறுவதைச் சட்டபூர்வமாக்கிய 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் இம்முறைக்கு எழுத்து வடிவம் கொடுத்தது. ஆலைச் சுவருக்கு வெளியிலும் இந்தக் கல்வி தொடர்ந்தது. தொழிலாளர் குடும்பங்கள் ஒரே தெருக்களில் வாழ்ந்தன. ஷிஃப்ட் முடிந்த பின் டீக்கடையிலும் சங்க அலுவலகத்திலும் அன்றைய இயந்திரக் கோளாறு பேசப்பட்டது. இந்தியாவின் முதல் ஒழுங்கமைந்த தொழிற்சங்கம் எனக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் பிறந்ததும் வடசென்னை ஆலைத் தொழிலாளரிடையேதான்; கூலிக்காகப் போராடிய அதே அமைப்புகள், மூத்தவரும் இளையவரும் ஒரே விரிப்பில் உட்காரும் இடங்களாகவும் இருந்தன.

உள்ளுறை அறிவு

மூத்த தொழிலாளர் தம்மிடம் இருப்பதாகச் சொல்லும் "அனுபவம்" என்பது என்ன என்பதைத் தெளிவாக்காமல் இவ்விவாதம் முன்னே நகராது. ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய வேதியியல் அறிஞரும் சிந்தனையாளருமான மைக்கேல் பொலானி, 1958இலும் 1966இலும் வெளியிட்ட நூல்களில், மனிதரால் சொற்களில் முழுமையாகச் சொல்லிவிட முடியாத அறிவு ஒன்று உண்டு என்று வாதிட்டார். அதை உள்ளுறை அறிவு என்று தமிழில் குறிக்கலாம். செய்யத் தெரியும், ஆனால் எப்படிச் செய்கிறோம் என்பதைக் கேட்பவருக்கு முழுமையாக விளக்கத் தெரியாது. உடன் நின்று பார்ப்பதாலும் தானே செய்து பிழைபடுவதாலும் மட்டுமே அது இன்னொருவருக்குச் செல்லும். வடசென்னைத் தொழிலாளர் இதைக் கைப்பழக்கம், கைவாகு என்ற சொற்களால் குறிக்கின்றனர்.

திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டைக் கிளப்பும் முறை இதற்கு நல்ல சான்று. எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் இல்லாத அந்த வண்டியில், சாவியைத் திருப்பியபின் கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். ஹெட்லைட்டுக்கு மேலுள்ள அம்மீட்டரின் முள் இடப்பக்கம் சாய்ந்து நின்று, பாயிண்ட் திறக்கும் கணத்தில் நடுவுக்குத் துள்ளும். அப்போது டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் சற்றே தள்ளி, லீவரை விட்டுவிட்டு, முழு வீச்சில் மிதிக்க வேண்டும். பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை உள்ளங்கால் அறியாவிட்டால் கிக்கர் திருப்பியடித்துக் காலைப் பதம்பார்த்துவிடும். இந்தப் படிகளை இங்கே எழுதிவிட முடிந்தாலும், "சற்றே" என்ற சொல்லின் அளவு எழுத்தில் இல்லை. திருகுப்புளியின் நுனியை இஞ்சின் மீதும் பிடியைக் காதருகிலும் வைத்து டேப்பெட் சத்தத்தையும் பேரிங் சத்தத்தையும் பிரித்தறிந்த மெக்கானிக்குகளின் அறிவும், ஒட்டுநாடாவின் துணையின்றி ஒரே இழுப்பில் பெட்ரோல் டேங்க்கில் பொற்கோடு வரைந்த திருவொற்றியூர் ஓவியர்களின் அறிவும் இவ்வகையினவே.

இத்தகைய அறிவை உடையவருக்கு ஓர் இக்கட்டு உண்டு. தன்னிடம் இருப்பதை நிறுவிக் காட்டும் மொழி அவரிடம் இல்லை. வரைபடத்தையும் கையேட்டையும் காட்டி ஓர் இளம் பொறியாளர் ஒரு முடிவைச் சொல்லும்போது, "இது சரிப்பட்டு வராது" என்பதற்குமேல் அவரால் காரணம் சொல்ல முடிவதில்லை. காரணம் சொல்ல இயலாமையைக் காரணம் இல்லாமையாக இளையவர் எடுத்துக்கொள்கிறார். இயந்திரம் பிறகு பழுதாகும்போது மூத்தவர் சொன்னது சரி என்று தெரிந்தாலும், அது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. மனக்குறையின் முதல் வேர் இங்கே இருக்கிறது.

துறைமுகம் இழந்த பள்ளி

சென்னைத் துறைமுகத்தில் மூட்டை, பெட்டி, இரும்புக் கட்டு எனத் தனித்தனியாகச் சரக்கு ஏற்றி இறக்கிய காலத்தில், வேலை கேங் எனப்படும் குழுக்களாக நடந்தது. கப்பலின் மேல்தளத்தில் வின்ச் இயக்குபவருக்குக் கீழறையில் நடப்பது தெரியாது. ஹேட்ச் எனப்படும் திறப்பின் ஓரத்தில் நிற்பவர் காட்டும் கைச்சைகையை நம்பியே அவர் சுமையைத் தூக்கவும் இறக்கவும் வேண்டும். கீழே நிற்பவர்களின் உயிர் அந்தச் சைகையில் இருந்ததால், அவ்விடத்தில் நிற்பவருக்குக் கப்பல் வேலையின் எல்லா நிலைகளும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. தொங்கும் சுமையின் அடியில் நிற்காதே, சுருண்டு கிடக்கும் கயிற்றின் வளையத்துக்குள் காலை வைக்காதே என்ற பாடங்களைப் புதியவர் தம் கேங்கின் மூத்தவரிடம் கேட்டே கற்றார்.

1948ஆம் ஆண்டின் கப்பல்துறைத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டமும், அதன்படி 1950களில் சென்னையில் அமைந்த கப்பல்துறைத் தொழிலாளர் வாரியமும், அன்றன்று ஆள் பிடிக்கும் முறையை மாற்றி, பதிவு பெற்ற தொழிலாளருக்கு முறைவைத்து வேலையும் வேலையில்லாத நாளில் வருகைப்படியும் கிடைக்கச் செய்தன. ஒரே மனிதர்கள் பல்லாண்டுகள் ஒன்றாக வேலை செய்யும் நிலையை இது உறுதிப்படுத்தியது. பணிப் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த இந்த ஏற்பாடு, கேட்காமலே ஒரு தொழிற்பள்ளியையும் நடத்தியது என்று சொல்லலாம்.

1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. 2001இல் அது தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சரக்கு பெட்டிக்குள் போனதும், சரக்கை அடுக்கத் தெரிந்த கைகளுக்கு வேலை போயிற்று. 2011இல் நீதிமன்ற ஆணைப்படி நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்திலிருந்து விலக்கப்பட்டன. ராயபுரம் மக்களின் நுரையீரலைக் கருதினால் தேவையான முடிவு அது. 2001இல் திறக்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், நில உரிமையாளர் முறையில் அமைந்தது. துறைமுக நிறுவனம் நிலத்தையும் கால்வாயையும் வைத்துக்கொண்டு, சரக்குக் கையாளும் வேலையை வெளி நிறுவனங்களுக்கு விட்டுவிடும் முறை அது. மிகக் குறைந்த நிரந்தர ஊழியர்களோடு இயங்கும் அத்தகைய துறைமுகத்தில் மூத்தவரும் இளையவரும் ஒரே முதலாளியிடம் இருபது ஆண்டுகள் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பழைய துறைமுகத் தொழிலாளர் இளைஞர்கள் தம்மிடம் கேட்பதில்லை என்று வருந்தும்போது, கேட்கத்தக்க இளைஞர் அவர் பக்கத்தில் நிறுத்தப்படவே இல்லை என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

480 நாட்களும் கற்கும் காலமும்

ஆலைகளில் நிலைமை வேறு வகையில் சிக்கலானது. தமிழ்நாடு அரசு 1981இல் இயற்றிய நிரந்தரத் தகுதி வழங்கல் சட்டம், ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாட்கள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று கூறுகிறது. தொழிலாளருக்கு அரணாக வந்த இச்சட்டத்தைத் தவிர்ப்பதற்காக, 480 நாட்கள் நிறைவதற்குள் ஆளை மாற்றுவது, டிரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட் எனப் பெயர் மாற்றி மாற்றி எடுப்பது என்பன தமிழகத் தொழில் வட்டாரங்களில் வழக்கமாகிவிட்டன. குறிப்பிட்ட கால வேலை ஒப்பந்தத்தை நாடெங்கும் ஏற்ற ஒன்றியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின் இந்தப் போக்கு வலுப்பெறவே வாய்ப்புண்டு.

இதன் விளைவைத் தொழிலறிவின் கோணத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு பெரிய பிரஸ்ஸின் அல்லது கொதிகலனின் குணத்தை அறிய, அதன் கோடைக்காலத்தையும் மழைக்காலத்தையும் சில முறையாவது பார்த்திருக்க வேண்டும். ஓரிரு பெரிய பழுதுபார்ப்புகளில் உடன் நின்றிருக்க வேண்டும். ஓராண்டில் வெளியேற்றப்படப்போகும் இளைஞருக்கு அதைக் கற்பதில் என்ன ஆதாயம்? கற்றாலும் அடுத்த ஆண்டு அவர் நிற்பது ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேறொரு இயந்திரத்தின் முன். கற்பிக்கும் மூத்தவருக்கும் ஆர்வம் குறைகிறது, ஏனெனில் முகம் பழகுவதற்குள் மாணவர் மாறிவிடுகிறார். கற்றுக் கொடுத்த இளைஞரே குறைந்த கூலிக்குத் தம் இடத்தில் அமர்த்தப்படுவார் என்ற அச்சமும் அவருக்கு உண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று எவரும் சொல்ல முடியாது.

மேலும், இன்று கட்டுமானத் தளங்களிலும் ஆலைகளின் கடினமான பணிகளிலும் அசாம், பீகார், ஒடிசா இளைஞர்கள் பெருமளவில் உள்ளனர். எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத் தளத்தில் 2025 செப்டம்பர் 30 அன்று உயரத்தில் அமைத்திருந்த இரும்புக் கட்டமைப்பு சரிந்து ஒன்பது தொழிலாளர் இறந்தனர். அவர்கள் வடகிழக்கிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள். ஆபத்தான உயரங்களில் இன்று யார் நிற்கிறார்கள் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. அத்தகைய தளங்களில் எச்சரிக்கத் தெரிந்த உள்ளூர் மூத்தவர் ஒருவர் இருந்தாலும், அவருக்கும் புதியவருக்கும் பொதுமொழி இருப்பதில்லை.

"எல்லாம் தெரிந்த" இளைஞர்

இளையோரின் மிகைநம்பிக்கை கற்பனையன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் க்ரூகரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், தர்க்கம், இலக்கணம் முதலிய தேர்வுகளில் கடைசிக் காற்பங்கில் வந்தவர்கள், நூறு பேரில் 12 பேரை மட்டுமே முந்தும் நிலையில் இருந்தும், 62 பேரை முந்துவதாகத் தம்மை மதிப்பிட்டிருந்தனர். ஒரு வேலையைச் சரியாகச் செய்ய எந்த அறிவு வேண்டுமோ, அதே அறிவு தன் பிழையைக் கண்டுகொள்ளவும் வேண்டும் என்பதே அவர்களது விளக்கம். அதன் புள்ளியியல் அடிப்படை பின்னர் விவாதத்துக்கு உள்ளானது என்றாலும், இரண்டு செய்திகள் இங்கே பயன்படும். அந்த ஆய்வு இளமையைப் பற்றியதன்று, பழக்கமின்மையைப் பற்றியது. ஐம்பது வயதில் புதிய கணினித் திரையின் முன் உட்காருபவருக்கும் அது பொருந்தும். அடுத்தது, பயிற்சி பெற்றவர்கள் தம் குறையைத் தாமே சரியாக மதிப்பிடத் தொடங்கினர். அதாவது மிகைநம்பிக்கைக்கு மருந்து கண்டிப்பில் இல்லை, கற்பித்தலில் இருக்கிறது.

இளைஞர் அப்படி நடந்துகொள்ள வேறொரு காரணமும் இருக்கிறது. நேர்முகத் தேர்வில் "தெரியாது" என்று சொல்பவருக்கு வேலை கிடைப்பதில்லை. தற்காலிகமாக எடுக்கப்பட்டவர், தெரியாததை ஒப்புக்கொண்டால் நீக்கப்படலாம் என்று அஞ்சுகிறார். இருபத்து மூன்று வயதில் கண்காணிப்பாளராக அனுப்பப்படும் பொறியியல் பட்டதாரி, தந்தை வயதுடைய ஆபரேட்டர்களால் "சார்" என்று அழைக்கப்படும் இடத்தில் நிற்கிறார்; அவர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்பது தம் பதவிக்கு இழுக்கு என்று அவருக்கு மேலிருப்பவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். அவரே "அண்ணே" என்று அழைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் இடங்களில், பேசாமல் இருந்த மூத்தவர் மணிக்கணக்கில் சொல்லித் தருவதை ஆலைத் தளங்களை அறிந்தவர்கள் அறிவார்கள்.

வேலை தளத்திலிருந்து கட்டுப்பாட்டு அறைக்கு நகர்ந்ததும் இடைவெளியைக் கூட்டியது. ஷோஷானா சூபாஃப் 1988இல் வெளியிட்ட நூலில், அமெரிக்கக் காகிதக்கூழ் ஆலைகளில் தொட்டும் முகர்ந்தும் கூழின் பதமறிந்த தொழிலாளர், கணினித் திரையின் எண்களை நம்பி வேலை செய்ய வேண்டிய நிலை வந்தபோது பட்ட தவிப்பைப் பதிவு செய்தார். உடலால் அறியும் திறனும் எண்களைக் கொண்டு சிந்திக்கும் திறனும் வேறு வேறு என்பது அவர் கண்டது. தானியக்கம் பற்றி லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983இல் எழுதிய கட்டுரை இன்னும் கூர்மையானது: எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொள்வதால், மனிதருக்கு மிஞ்சுவது எப்போதாவது வரும் கடினமான நெருக்கடி மட்டுமே, அன்றாடப் பழக்கம் இல்லாததால் அந்த நெருக்கடியைச் சமாளிக்கும் திறன் அவரிடம் வளர்ந்திருக்காது. மணலியிலும் எண்ணூரிலும் திரையின் முன் வேலை தொடங்கும் இளைஞர் இந்தப் பொறியில்தான் சிக்கியிருக்கிறார். எண்கள் சீராக இருக்கும் வரை அவருக்கு எல்லாம் தெரியும். எண்கள் பிசகும்போது, வால்வைக் கையால் திருகிப் பழகியவர் தேவைப்படுவார்.

அப்படிப்பட்டவர் இல்லாமற்போவதன் விலையை இந்தியா 1984இல் போபாலில் கண்டது. யூனியன் கார்பைடு ஆலையின் நச்சுவாயுப் பிரிவில், செலவைக் குறைப்பதற்காக ஷிஃப்ட் ஒன்றுக்கான ஆள் பலம் ஏறத்தாழ பாதியாக்கப்பட்டு, பயிற்சிக்காலமும் சுருக்கப்பட்டிருந்தது. பேரழிவுக்குப் பல காரணங்கள் உண்டு; அனுபவமுள்ளோர் வெளியேறியதும் அவற்றில் ஒன்று.

மூத்தோரின் அனுபவம் தவறும் இடங்கள்

மூத்தோர் பக்க நியாயத்தைச் சொல்லும் ஆய்வு, அவர்கள் தவறும் இடங்களையும் சொல்லாவிட்டால் முழுமை பெறாது. அனுபவம் என்பது குறிப்பிட்ட பொருளோடும் கருவியோடும் பிணைந்தது. பொருள் மாறும்போது அனுபவமே ஆபத்தாகலாம். கப்பலைக் கட்டும் கயிறு இதற்கு உதாரணம். நாரால் திரித்த பழைய மணிலாக் கயிறு, அறுவதற்கு முன் முறுகி ஓசையெழுப்பும். அதைக் கேட்டு விலகிக்கொள்வது பழைய துறைமுகத் தொழிலாளரின் பழக்கம். நைலான், பாலிப்ரொப்பிலீன் முதலிய செயற்கைக் கயிறுகள் நீண்டு இழுபட்டு, பெரிதாக எச்சரிக்காமலே அறுந்து, நின்றவர் மீது சாட்டையாகத் திரும்பி அடிக்கும். பழைய காதை நம்பி நிற்பவரைவிட, கயிற்றின் வீச்செல்லைக்குள் நிற்கக் கூடாது என்ற விதியைப் படித்துவிட்டு வந்த புதியவர் இங்கே பாதுகாப்பானவர்.

தலைக்கவசம், பாதுகாப்புக் கயிறு, காதடைப்பான் ஆகியவற்றை "இத்தனை வருஷம் இல்லாமத்தான் பாத்தோம்" என்று ஒதுக்கும் மூத்தோர் பலர். விபத்தில் இறந்தவர்களும் செவித்திறனை இழந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. தொழில் நுணுக்கத்தைத் தம் உறவுக்கும் சாதிக்கும் மட்டும் சொல்லித் தந்து, பெண்களையும் வெளியாரையும் வாசலிலேயே நிறுத்தியதும் பழைய முறையின் ஒரு பகுதியே. ஐ.டி.ஐ. என்ற தொழிற்பயிற்சி நிலையத்தில் சான்றிதழ் பெற்ற இளைஞர், யாருடைய தயவும் இல்லாமல் ஆலைக்குள் நுழைய முடிந்தது என்பது சிறிய விடுதலை அன்று. இன்று தமிழகத்தின் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் ரோபோ, கணினிவழி இயந்திரம் ஆகியவற்றைக் கற்பிக்கும் மையங்களாக உயர்த்தப்பட்டுள்ளன. அங்கே பயின்று வருபவருக்குத் தெரிந்தவற்றில் பல, மூத்த ஃபோர்மேனுக்குத் தெரியாது என்பதும் உண்மை.

கடலிலும் இதே நிலைதான். காசிமேட்டிலிருந்து தொழிலுக்குப் போகும் மூத்த மீனவர், கரையில் தெரியும் இரண்டிரண்டு அடையாளங்களை நேர்கோட்டில் வைத்துத் தம் இடத்தைக் கணிப்பார். நீரோட்டத்தின் போக்கையும் காற்றின் திசையையும் வைத்து வலையை இறக்குவார். ஜி.பி.எஸ். கருவியோடும் மீன் காட்டும் கருவியோடும் வளர்ந்த இளைஞர் அதைப் பொருட்படுத்துவதில்லை என்ற குறை அங்கும் உண்டு. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை, வாழும் எவருடைய அனுபவத்திலும் இல்லாதது. ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் 2007இல் தொடங்கப்பட்ட சுனாமி எச்சரிக்கை ஏற்பாட்டுக்கு ஈடாக எந்த முதியவரின் நினைவையும் வைக்க முடியாது. இயந்திரம் கெட்டு, பேட்டரி தீர்ந்து, மூடுபனியில் தத்தளிக்கும் படகுக்கு அந்த முதியவரின் நினைவே துணை என்பதும் அதே அளவு உண்மை.

எண்ணூர்க் கழிமுகம் காட்டும் வழி

இருவகை அறிவும் சேரும்போது என்ன நடக்கும் என்பதற்கு இப்பகுதியிலேயே சான்று இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தில், வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் படிந்து நீரோட்டம் தடைபட்டதை முதலில் உணர்ந்தவர்கள் அங்கே இறாலும் நண்டும் பிடித்த மீனவர்கள். எந்த ஓடை முன்பு எவ்வளவு ஆழம், எங்கே படகு தட்டாமல் போகும், எங்கே எந்த மீன் நின்றுபோயிற்று என்பது மூத்தோருக்குத் தெரிந்திருந்தது. அதை அதிகாரிகள் ஏற்கும் வடிவில் சொல்லத் தெரியவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தவும், செயற்கைக்கோள் படங்களைப் படிக்கவும், நிழற்படம் எடுத்து இடம் குறிக்கவும் தெரிந்த இளையவர்களும் செயற்பாட்டாளர்களும் அவர்களோடு சேர்ந்தனர். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த கழிமுகப் பரப்பு, பின்னர் வழங்கப்பட்ட வரைபடத்தில் காணாமற்போயிருந்தது 2017 வாக்கில் வெளியுலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். வரைபடம் பொய் என்று மூத்தோரின் நினைவு சொன்னது. அதை ஆவணமாக நிறுத்தியது இளையோரின் படிப்பு. இருவரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் அந்த உண்மை வெளிவந்திருக்காது.

இங்கே இருவரையும் சேர்த்து வைத்தது அறிவுரையன்று. இருவருக்கும் அந்த நீர் வாழ்வாதாரம். இருவரும் அங்கேயே தொடர்ந்து வாழப்போகிறவர்கள். ஒருவர் மற்றவரின் இடத்தைப் பறிக்கும் நிலையில் இல்லை. ஆலையிலும் துறைமுகத்திலும் இந்த மூன்றும் இல்லாததே மனக்குறை முற்றுவதற்குக் காரணம்.

செய்யத்தக்கவை

ஜப்பான் இதே சிக்கலை முன்கூட்டியே உணர்ந்தது. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை 2007இலிருந்து அறுபது வயதை எட்டி ஓய்வுபெறும்போது ஆலைகளின் கைத்திறன் ஒருங்கே வெளியேறிவிடும் என்ற கவலை, அங்கே "2007ஆம் ஆண்டுச் சிக்கல்" என்ற பெயரில் பொதுவிவாதமானது. மூத்தோர் வேலைவாய்ப்புச் சட்டம் 2004இல் திருத்தப்பட்டு, 2006 முதல் அறுபத்தைந்து வயதை நோக்கிப் படிப்படியாக அவர்களைப் பணியில் வைத்திருக்கும் கடமை நிறுவனங்களுக்கு விதிக்கப்பட்டது. தொழிலறிவின் இழப்பைத் தனிமனிதரின் வருத்தமாகக் கருதாமல் நாட்டின் இழப்பாகக் கருதியதே அதன் சிறப்பு.

வடசென்னைக்கு வேண்டியவை மூன்று. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஓரிரு ஆண்டுகளிலாவது, மூத்த தொழிலாளரின் உற்பத்தி இலக்கைக் குறைத்து, கற்பித்தலை ஊதியத்துக்குரிய வேலையாக அவருக்கு ஒதுக்க வேண்டும். அவரிடம் கற்றுத் தேர்ந்தவருக்குத் தரப்படும் சான்றிதழில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும். ஆபத்து மிகுந்த பணிகளில் பழகுநராக எடுக்கப்படும் இளைஞருக்கு, பயிற்சி முடிந்தால் வேலை உண்டு என்ற உறுதி வேண்டும். 480 நாட்களைத் தாண்டவிடாமல் வெளியேற்றுவதை அரசின் தொழிலாளர் துறை கண்டும் காணாமல் இருக்கக் கூடாது. அரசு ஐ.டி.ஐ.க்களின் புதிய மையங்களில், ஓய்வுபெற்ற ஃபிட்டரும் வெல்டரும் வின்ச் இயக்குநரும் பட்டயம் இல்லாமலே பயிற்றுநராக உட்கார இடம் தர வேண்டும். அதே மையத்தில், பணியிலிருக்கும் மூத்தவர் இளைஞரிடம் கணினிவழி இயந்திரத்தைக் கற்கவும் வழி வேண்டும். தொழிற்சங்கங்களும் கூலியையும் போனஸையும் கேட்பதோடு நில்லாமல், பயிற்சிக்காலத்தை ஒப்பந்தப் பேச்சில் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும்.

கேட்காத இளைஞர் மீது மூத்த தொழிலாளர் கொள்ளும் கோபமும், மதிக்காத மூத்தவர் மீது இளைஞர் கொள்ளும் எரிச்சலும், இருவரையும் குறைந்த செலவில் குறைந்த காலம் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டுக்கே ஆதாயமாக முடிகின்றன. எழுபது ஆண்டுகளாகத் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் சேர்ந்த தொழிலறிவின் பெரும்பகுதி இன்று ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு அந்தத் தெருக்களிலேயே வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும் இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அவர்களைப் பயிற்றுநராக அழைக்க வேண்டிய பொறுப்பு ஆலை நிர்வாகங்களுக்கும் தமிழ்நாடு அரசுக்கும் உண்டு. அதன் பின் அழைத்துப் பயனில்லை.